இறுகாத பூச்சு

ஜனவரி, வெள்ளிக்கிழமை இரவு. கேட்டி நகர், அமெரிக்கா.

கராஜில் நான் சில மாதங்களாகப் பிளைவுட்டில் கட்டிவரும் பெரிய மீன்தொட்டியில், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் என் மனைவியின் அண்ணன் இன்று தண்ணீர் நிரப்பிவிட்டார். நீர் புகாதிருக்க உட்புறம் பூசும் எபாக்சியின் கடைசிப் பூச்சு ஞாயிறன்றுதான் முடிந்தது. இந்தக் குளிரில் அது முழுதாக இறுக இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று அவரிடம் இருமுறை சொல்லியிருந்தேன்.

மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது தொட்டி நிறைந்திருந்தது. முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம். நீரில் மஞ்சள் மிதந்தது.

"தை வெள்ளி, மாப்ள! ராகுகாலத்துக்கு முன்னாடியே கங்கா தீர்த்தம் விட்டு ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

"காயலைன்னு சொன்னேனே, மச்சான்."

"தொட்டுப் பாத்தேன், கையில ஒட்டலையே. டென்ஷன் ஆகாதீங்க."

பம்ப் வைத்து நீரை இறைத்தேன். மூலைகளில் பூச்சு வெளுத்துக் கொப்புளித்திருந்தது. நகம் பட்டதும் உரிந்தது. அடியில் மரம் ஈரமாக இருந்தது. மரம் உப்பிவிட்டால் தொட்டியையே பிரித்துப்போட வேண்டும்.

"அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சார்," என்றாள் மனைவி.

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "மீன் எப்போ விடப்போறீங்க?"

"நீங்க ஊருக்குப் போனப்புறம்."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவர் சிரித்தபடி இன்னொரு தோசை கேட்டார். நானே கொண்டுபோய் வைத்தேன்.

ஹீட்டரைத் தொட்டியின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். மரத்தின் கதி காலையில் தெரியும். அவருடைய ரிட்டர்ன் டிக்கெட் மார்ச் கடைசியில்தான்.