கூட்டாளி என்று கூப்பிட்ட கம்பெனி

இன்று காலை உன் வீட்டுச் சமையலறை மேடையில் உன் கைப்பேசி அதிர்ந்தது. உன் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாருங்கண்ணே, இன்னும் நிறுத்தல. மனுஷன் போனதுகூட இவங்களுக்குத் தெரியல."

உன் படங்கள் எல்லாம் அதில் இருப்பதால் அவர் இன்னும் அதற்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ ஓட்டிய வாடகைக் கார் கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. நீதான் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாய். "அன்புள்ள கூட்டாளி, சில காலமாக உங்களைச் சாலையில் காணவில்லை. மீண்டும் எங்களுடன் ஓட்ட வாருங்கள்."

உன் மகள் அந்தக் கம்பெனியின் செயலியை அழித்துப் பார்த்தாளாம். அழித்த பிறகு அதே அழைப்பு குறுஞ்செய்தியாக வரத் தொடங்கியது. கணக்கை மூட வேண்டுமென்றால் ஓட்டுநர் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போகும் வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டே போனேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாம் இருவரும் டாக்சி ஓட்டத் தொடங்கியபோது தேக்கா சந்தைக்குப் பின்னாலிருந்த கோப்பிக்கடைதான் நமக்கு நாடாளுமன்றம். நான் ஒன்று சொன்னால் நீ மறுப்பாய். யாரிடமாவது உன்னை அறிமுகப்படுத்தும்போது "இவன் என் எதிர்க்கட்சி" என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடம் என்னைத் தொடக்கநிலையோடு வெளியே விட்டுவிட்டது. பொருளாதாரத்தை நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவன் நான். அதைச் சொல்லிச் சொல்லியே நீ என்னைப் "பேராசிரியரே" என்று கூப்பிடுவாய். கேலியாகத்தான் தொடங்கினாய். பிறகு கடைக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

கைப்பேசியில் கார் கூப்பிடும் கம்பெனிகள் இந்த ஊருக்கு வந்தபோது நம் சண்டை முற்றியது. நீ டாக்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்களிடம் போனாய். நான் போகவில்லை. என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காலையில் வாசலில் ஆட்கள் கூடி நிற்பார்கள். கங்காணி வந்து நீ வா, நீ வா என்று விரலைக் காட்டுவான். விரல் காட்டப்படாதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்க முடியாது. இந்தச் செயலி கைப்பேசிக்குள் உட்கார்ந்திருக்கும் கங்காணி என்று நான் சொன்னேன். தமிழ் நாளிதழுக்கும் அப்படியே எழுதினேன். கடிதத்தைப் போட்டார்கள். கங்காணி என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பேராசிரியரே, டீ ஆறுது லா," என்றாய் நீ. "உங்க கங்காணி ஆள் மூஞ்சியப் பார்த்துதானே வேலை குடுத்தான்? அவனுக்குப் பல்லைக் காட்டணும், மாமன் மச்சான் முறை சொல்லணும். இதுக்கு நான் கறுப்பா சிவப்பான்னே தெரியாது. பட்டனைத் தட்டினா சவாரி வருது. கோயிலுக்குப் போகணும்னா ஆஃப் பண்ணிட்டு சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போயிடறேன். யார்கிட்ட லீவு கேக்கணும்?"

"இப்ப சலுகை குடுப்பான். போட்டிக்கு நிக்கிறவன் ஓடிப்போனதும் உன் கழுத்தைப் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். அப்ப வந்து உன் டாக்சி பின்சீட்ல ஏறிக்கிறேன்."

போட்டிக்கு நின்ற கம்பெனி ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு போனது. உன் ஊக்கத்தொகை மெல்லத் தேய்ந்தது. ஒவ்வொரு சவாரியிலும் கம்பெனியின் பிடித்தம் ஏறியது. "நான் சொன்னேன் இல்ல?" என்று கேட்டேன். நீ டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாய்: "சொன்னே. தினமும் சொன்னே. தினமும் மழை வரும்னு சொல்றவன் ஒருநாள் சரியாத்தான் சொல்லுவான்."

முகம் பார்க்காமல் வேலை தருகிறது என்று நீ சொல்லும்போது மட்டும் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். உனக்கு அது தெரியும். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முகம் பார்க்காமல் வேலை தருகிறவன் முகம் பார்க்காமல் வேலையை எடுக்கவும் செய்வான்.

விரைவுச்சாலையிலிருந்து இறங்கும்போது உன் கார் மீது லாரி மோதிய நாள் நினைவிருக்கிறதா? கழுத்தெலும்பு உடைந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உன் கைப்பேசி அதிர்ந்தது. "கூட்டாளி, மழை பெய்கிறது. சவாரிகள் குவிகின்றன. இப்போதே சாலைக்கு வாருங்கள்." வலியிலும் நீ சிரித்தாய்.

"பாருடா, கம்பெனிகூட என்னைக் கூட்டாளின்னு கூப்பிடுது. இத்தனை வருஷத்துல நீ யார்கிட்டயாவது என்னைக் கூட்டாளின்னு சொல்லியிருக்கியா?"

"பேசாம ஆரஞ்சைத் தின்னு," என்றேன்.

அந்தச் சொல்லைப் பற்றி நாம் பிறகு நிறையப் பேசினோம். பார்ட்னர் என்பதை யாரோ, அல்லது எந்த இயந்திரமோ, கூட்டாளி என்று தமிழாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் அது சரியாக இருக்கலாம். அங்கே கூட்டாளி என்றால் தொழிலில் பங்கு உள்ளவன். நம் ஊரில் கூட்டாளி என்றால் நண்பன். பள்ளிக்கூடக் கூட்டாளி, பந்து விளையாடும் கூட்டாளி, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டாளி. உங்களுக்கு இழப்பீடு கிடையாது, நீங்கள் ஊழியர் அல்ல, பங்காளர் என்று அந்தக் கம்பெனி பதில் அனுப்பியபோது, அதுவும் "அன்புள்ள கூட்டாளி" என்றுதான் தொடங்கியது.

செயலி வழியாக ஓட்டுகிறவர்களின் நிலை பற்றிச் சமூக மன்றத்தில் கலந்துரையாடல் வைத்தார்கள். அதிகாரிகள் வந்திருந்தார்கள், கம்பெனி மேலாளர் ஒருவரும் வந்திருந்தார். நான் பல நாள் தயார் செய்து போயிருந்தேன். கங்காணியில் தொடங்கிச் சேமநிதி வரை போவதற்குள் நேரமாகிவிட்டது என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். நான் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தேன். அப்போது நீ எழுந்தாய். கை இன்னும் கழுத்திலிருந்து துணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பயணிகளிடம் பேசும் அளவுக்கு உனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் நீ தமிழில் பேசினாய்.

"என்னைக் கூட்டாளின்னு கூப்பிடுறீங்க. எனக்கு அடிபட்டப்ப என் பக்கத்துல ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவன் உங்க ஆள் இல்ல. அப்ப எந்த அர்த்தத்துல என்னைக் கூட்டாளிங்கறீங்க?"

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் யோசிக்கவே இல்லை. கூட்டாளி என்பதை ஃபிரெண்ட் என்று சொல்லிவிட்டாள். இவரை ஏன் நண்பன் என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார் என்றாள்.

மேலாளர் திகைத்துப்போனார். கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். நாங்கள் யாரையும் நண்பன் என்று சொன்னதே இல்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் அதைத் தமிழில் சொன்னாள்: "கூட்டாளின்னு அவங்க சொன்னதே இல்லையாம், அங்கிள்."

"அப்ப சரி லா. அதைத்தான் கேக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டு நீ உட்கார்ந்தாய்.

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்க, சீன, மலாய் ஓட்டுநர்களும் சிரித்தார்கள். கடைசியில் மேசையிலிருந்த ஓர் அதிகாரி சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார். என் நீண்ட பேச்சு எட்டாத இடத்துக்கு உன் ஒரு கேள்வி போய்ச் சேர்ந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்று நீ எல்லாரிடமும் சொன்னாய். பெருமையாக இருந்தது. அன்று அதை நான் சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

நீ போன பிறகு சட்டம் வந்தது. செயலி வழியாக ஓட்டுகிறவனுக்கு அடிபட்டால் இழப்பீடு உண்டு. சேமநிதியில் கம்பெனியும் தன் பங்கைப் போட வேண்டும். உன்னால்தான் வந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பலர் பேசினார்கள், சங்கங்கள் வாதாடின, அரசாங்கமும் காது கொடுத்தது. ஆனால் அந்தப் பலரில் நீ ஒருவன். அதை யார் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

எனக்கு இன்னும் திருப்தி இல்லை. தொழிலாளியும் இல்லை, தனித்தொழில் செய்பவனும் இல்லை, நடுவில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாதி நாற்காலி. இப்போது ஓட்டுநர் இல்லாத வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறார்கள். இயந்திரம் வரட்டும். அதற்குக் கழுத்தெலும்பு உடையாது. அதனால் மிச்சமாவது யார் கைக்குப் போகிறது என்பதை இப்போதே பேசி முடிக்க வேண்டும். கம்பெனி சிரித்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் அரசாங்கம் நிபந்தனை போட முடியும். உள்ளே வந்து சாவியை வாங்கிக்கொண்ட பிறகு அது விருந்தாளி இல்லை. இதை நாளிதழுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். எந்தச் சொல்லை வெட்டுவார்கள் என்று பந்தயம் கட்ட நீ இல்லை.

சேவை மையத்தில் வரிசை எண் வாங்கி உட்கார்ந்தேன். முகப்பில் இருந்தவள் தமிழ்ப் பெண். உன் இறப்புச் சான்றிதழையும் உன் மனைவியின் ஒப்புதலையும் பார்த்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"சாரி அங்கிள். அவரு உங்களுக்கு என்ன வேணும்? ரிலேஷன் போடணும்."

"கூட்டாளி."

விசைப்பலகையில் கை வைத்தவள் தட்டாமல் கேட்டாள். "டிரைவர் பார்ட்னரா அங்கிள்? நீங்களும் நம்ம கம்பெனியில ஓட்டுறீங்களா?"

"இல்லம்மா. நான் டாக்சி. உங்க கம்பெனிக்கு அவன் பார்ட்னர். எனக்குக் கூட்டாளி."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஓ, கூட்டாளியா," என்றாள், நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர் அர்த்தத்தில். பிறகு ஆங்கிலத்தில் ஃபிரெண்ட் என்று தட்டி உன் கணக்கை மூடினாள்.

வெளியே வந்து டாக்சியில் ஏறி உன் கைப்பேசியைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். சிராங்கூன் சாலை வரும்வரை அது ஒருமுறைகூட அதிரவில்லை. இனி உன்னைக் கூட்டாளி என்று கூப்பிட இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.