சின்னவிரலின் மூன்று சுரங்கள்

வெள்ளவத்தை
4 மே 2025

அன்புள்ள மயூரி,

நலம். காலி வீதிப் பேருந்துகளின் இரைச்சலும் நலம். அலுமாரிக்குப் பின்னால் நீ விட்டுப்போன பேஸ் கிட்டாரை வெளியே எடுத்திருக்கிறேன். மேஜர் ஸ்கேல் என்கிற சுரவரிசை ஒன்று பழக வேண்டும். எந்த விரல் எங்கே என்று மின்னஞ்சலில் எழுது. வீடியோவில் வராதே. எழுபத்திரண்டு வயதில் நான் காட்சிப்பொருள் அல்ல.

அம்மா

மெல்பேர்ண்
6 மே

என்ர அம்மா,

நம்பவே ஏலாமல் கிடக்கு! 'மாடு கத்துற சத்தம்' எண்டு அந்தக் கிட்டாரைச் சொன்னது ஆர்? சரி, இடக்கை விரலுகளுக்குச் சொல்லுறன், பாருங்கோ. தடித்த தந்திக்கு அடுத்தது, கழுத்தில மூன்றாவது கட்டம், அதைத்தான் பிரெட் எண்டுறது, அதில தொடங்கி: நடுவிரல், சின்னவிரல். அடுத்த தந்தி: சுட்டுவிரல், நடுவிரல், சின்னவிரல். கடைசித் தந்தி: சுட்டுவிரல், மோதிரவிரல், சின்னவிரல். எட்டுச் சுரம். டிசம்பரில வரேக்க முழுக்கக் கேட்பன்.

மயூரி

வெள்ளவத்தை
19 ஜூன்

அன்புள்ள மயூரி,

ஐந்து சுரங்கள் தெளிவு. சின்னவிரலுக்குரிய மூன்றும் ஊமையாகிவிட்டன. மரக்கறி கொண்டுவந்த கீழ்வீட்டு ரிஸ்னா நின்று கேட்டுவிட்டு, "என்ன அன்ரி, இடையில இடையில கரண்ட் போகுதா?" என்றாள்.

அம்மா

மெல்பேர்ண்
21 ஜூன்

அம்மா,

அது சோம்பல் விரல். சின்னனில எனக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுறன்: திரும்பச் செய்யுங்கோ!

மயூரி

வெள்ளவத்தை
2 செப்டெம்பர்

அன்புள்ள மயூரி,

சோம்பல் அல்ல. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்று ஏப்ரலிலேயே வைத்தியர் சொல்லிவிட்டார். மருந்து இல்லை. முதலில் கை, பிறகு தொண்டை. ஒவ்வொரு முறையும் என் கையை அமுக்கிப் பார்த்து, "பரவாயில்லை" என்கிறார். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்பித்தவளுக்கு 'பரவாயில்லை' ஓர் அளவீடு அல்ல. அதனால்தான் கிட்டாரை எடுத்தேன். உன் ஸ்கேல் முகத்துக்காகப் பேசாது. மே மாதம் எட்டுச் சுரங்களும் கேட்டன. இன்று சுட்டுவிரலுக்குரிய இரண்டு மாத்திரமே.

வேலையை விட்டு ஓடிவராதே. அனுதாபம் எனக்குச் செமிக்காது.

அம்மா

மெல்பேர்ண்
3 செப்டெம்பர்

அம்மா,

ஏப்ரலில இருந்து தெரிஞ்சும், என்னைச் 'சோம்பல்' எண்டு எழுத விட்டிட்டீங்களே. சனிக்கிழமை காலமை வந்து இறங்குறன். இனி விளக்கம் ஒண்டும் வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

மயூரி

வெள்ளவத்தை
4 செப்டெம்பர்

அன்புள்ள மயூரி,

வலக்கையும் தொடங்கிவிட்டது, பூட்டைத் திருப்ப முடியவில்லை. திறப்பு ரிஸ்னாவிடம் இருக்கிறது. அழுவதானால் அவள் வீட்டில் அழுது முடித்துவிட்டு மேலே வா.

அம்மா