சாக்குத் திரைக்குப் பின்னால் வெட்டிய ஆடு

என் அருமைத் தம்பி செல்லத்துரை,

கல்லறைக்குப் பூ கொண்டுவரும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். செய்தி கொண்டுவந்திருக்கிறேன். தேக்கா வாய்க்கால் பாலத்தின் இரண்டாம் தூணுக்கு நேற்று மரம் இறக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் தூணின்போது நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். நின்று பார்த்தவள் நான். பலி கொடுக்காமல் மண்ணைத் தொடமாட்டோம் என்றார்கள் கூலிக்காரர்கள். வேலையிடத்தில் ரத்தம் கண்டால் அத்தனை பேரையும் விரட்டுவேன் என்றார் வெள்ளைக்காரத் துரை. மேற்பார்வை பார்த்த நீ சாக்குகளைத் தைத்துத் திரை கட்டினாய். "ஆட்டை வெட்டட்டும் அக்கா. துரை காணாட்டிச் சரி. ஆருக்கு நட்டம்?" என்று சிரித்தாய்.

திரைக்கு அடியில் ரத்தம் வழிந்தது. அன்று பால்காரர் மாரிமுத்துவின் சின்ன மகளைக் காணவில்லை. பாலம் நிற்கத் தூணடியில் புதைக்க மனிதத் தலை எடுக்கிறார்கள் என்று மீன்கடையில் தொடங்கிய பேச்சு, மாட்டுக்கொட்டிலுக்கு வந்தபோது கூக்குரலாகிவிட்டது.

நீ ஒளியவில்லை. ஒரு வாளிச் சேற்றையும் ஒரு கம்பையும் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் திரண்டிருந்த கூட்டத்திடம் போனாய். கம்பைச் சேற்றில் நட்டு, அது சாய்வதைக் காட்டினாய். அடியில் செங்கல்லை வைத்து, கம்பு அதில் ஊன்றி நிற்பதைக் காட்டினாய். "கீழ கெட்டி மண் வாறவரைக்கும் மரத்தை அடிச்சு இறக்கிறம். அவ்வளவுதான். தலையை வச்சா அழுகிப்போம், பாலமும் சரிஞ்சுபோம்." சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஒரு கிழவர் கம்பை ஆட்டிப் பார்த்து, "ஆமாய்யா, நிக்குது" என்றார்.

அப்போது மாரிமுத்து கேட்டார்: "எல்லாம் சரி. அப்ப சாக்குத் திரை எதுக்குய்யா கட்டுன?"

நீ வாய் திறக்கவில்லை. திறந்தால் கூலிக்காரர்களின் வேலை போகும்.

"பாருங்கடா, முழிக்கிறான்! இவன்தான் தலையெடுக்கிறவன்!" முதல் கல் உன் வாயில் விழுந்தது. பல்லைத் துப்பினாய். பிறகு நுகத்தடி உன் மண்டையில் இறங்கியது. தூண் மரத்தை அடித்திறக்கும் இரும்புக் குண்டின் அதே சத்தம். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. உன் முகம் நீ கொண்டுவந்த சேற்றிலேயே கிடந்தது. காணாமல்போன அந்தப் பிள்ளை வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓர் ஆட்டுக்காகவா செத்தாய், தம்பி?

போன வாரம் புது மேற்பார்வையாளர் மறுபடியும் சாக்குக் கட்டினார். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் தையல் கத்தரிக்கோலை எடுத்துப் போய் அறுத்தெறிந்தேன். "அம்மா, துரை பாத்தா எங்க சோத்துல மண்ணும்மா" என்று ஒருவர் கும்பிட்டார். சென்னையில் பட்டம் வாங்கியதற்கு ஒரு பயனாவது இருக்கட்டும் என்று, துரையிடம் அவர் மொழியிலேயே கேட்டேன்: ஆடு சாகலாமா, இன்னொரு மேற்பார்வையாளர் சாகவேண்டுமா? தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றவர் கடைசியில், "ஆடு" என்றார்.

நேற்று வெட்டவெளியில் வெட்டினார்கள். ஊரே பார்த்தது, கறியும் தின்றது. நுகத்தடியை வீசியவன் சிறையில் இருக்கிறான். கேள்வி கேட்ட மாரிமுத்து வந்திருந்தார். தூண் குழிக்குள் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "குழியில ஒண்ணுமில்லேம்மா" என்றார்.

"அன்றைக்கும் இல்லை" என்றேன். அவர் அழுதார். நான் அழவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல்: "இதுல இல்லடா. அடுத்த பாலத்துல வைப்பானுங்க!" நாலுபேர் சிரித்தார்கள்.

அடுத்த பாலத்துக்கும் நான் போவேன், தம்பி. உன் கம்பையும் செங்கல்லையும் எடுத்துக்கொண்டு போவேன். எனக்குக் கண் தெரியும்வரை எந்தக் குழியையும் சாக்கால் மூடவிடமாட்டேன். நீ விழுங்கிய பதிலை, கேட்கிற ஒவ்வொருவனுக்கும் சொல்லுவேன்.

உன் வாளியை இன்னும் கழுவாத,
அக்கா இரத்தினம்