முதலில் குப்புறப் போட்டுப் பார்

லிந்துலை
18.3.1962

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அப்பா பொன்னையா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறோம், திருகோணமலை வெயிலில் நீயும் மாப்பிள்ளை முத்துலிங்கமும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுகிறோம். உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பிரசவத்துக்கு வரமாட்டேன், அந்தத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலை மிதிக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டினேன், உன் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

உன் முதல் பிள்ளை மலம் போகும் வழியே இல்லாமல் பிறந்தது, அது எங்கோ ஒரு பிள்ளைக்கு வரும் குறை, யார் பாவமும் இல்லை, அன்றே கொண்டுவந்திருந்தால் அறுத்துச் சரிசெய்திருக்கலாம் என்று டவுன் டாக்டர் பிறகு சொன்னாரே, அதை அவள் இன்னும் விடவில்லை. ஆண்பிள்ளை என்று முன்பக்கம் பார்த்ததும் எல்லோரும் லயத்துக்கெல்லாம் சீனி கொடுக்க ஓடினோம், பின்பக்கம் ஒருத்தரும் பார்க்கவில்லை. தீட்டு என்று துணியில் சுற்றிவைத்தோம், வயிறு வீங்கியதும் மாந்தம் என்று வசம்பு உரைத்து ஊற்றினோம், பிள்ளையைப் பறிகொடுத்தோம். இப்போது காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், எங்கே நாலு பொம்பளைகள் நின்றாலும், ஏம்மா, புள்ள பொறந்தா மொதல்ல குப்புறப் போட்டு வழி இருக்கான்னு பாருங்க, அப்புறம் சீனி குடுங்க என்று ஆரம்பித்துவிடுவாள். வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கையா முன்னாலேயே சொல்லிவிட்டாள், மனுஷன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். கடைக்கார மஃறூப் நானா நான் சீனி வாங்கப் போனால், பின்பக்கம் பாத்தாச்சா என்றுதான் கேட்கிறார். மானம் போகிறதம்மா.

ஆனால் கேள், போன மாதம் பக்கத்து லயத்து மீனம்மாவுக்கு ஆண்பிள்ளை. எல்லோரும் சீனி சீனி என்று கத்த, இவள் தீட்டு கீட்டு பார்க்காமல் உள்ளே புகுந்து பிள்ளையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் வழி இல்லை. போட்டாள் பார் ஒரு சத்தம், கொழுந்து லொறியே நின்றுவிட்டது. அதிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றித் தானும் ஏறிப் போனாள். கண்டி ஆஸ்பத்திரியில் அறுத்து வழி செய்துவிட்டார்கள். நேற்று வீடு வந்து சேர்ந்த பயல், உன் அம்மா மடியில் ஏறினதும் புதுச்சேலையிலேயே வெளிக்குப் போய்விட்டான். அவளுக்கு வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கழுவாமல் லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு போனாள், அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் சேலையை அலசும்போதுதான் அழுதாள், நம்ம நாகு புள்ளையும் இப்பிடி நனைச்சிருப்பானே என்று. நானும் அழுதேன்.

அடுத்த பிள்ளைக்கும் அப்படியே வரும் என்று நினைக்க வேண்டாம் என்கிறார் டாக்டர், அதனால் தைரியமாக இரு. நீ வராவிட்டால் போகட்டும், அம்மாவே வருகிறாளாம். நாவலப்பிட்டியைத் தாண்டி ரயிலில் போகாதவள், இப்போதே சுக்கையும் கருப்பட்டியையும் மூட்டை கட்டிவிட்டாள். வெயிலில் தண்ணீர்க்குடம் தூக்காதே, கீரை சாப்பிடு. மாப்பிள்ளையிடம் சொல்லிவை, ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அம்மா திருப்பிப் பார்த்துச் சொல்லும்வரை சீனியைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.

தாயும் பிள்ளையுமாக நீ நூறு வயது வாழ முருகன் துணையிருப்பான். ஒன்று எழுத மறந்தேன், உன் பிள்ளையை ஏந்துவதற்கு அம்மா அந்தச் சேலையைத்தான் கொண்டுவருகிறாள். கறை போகவில்லை. போகவும் வேண்டாம் என்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
சி. பொன்னையா