செல்வினாவுக்கு வாசித்துக் காட்டிய வாரம்

9.6.86, திங்கள். வக்குவா, மொரீஷியஸ்.
விடியலிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. வகுப்புகள் முடிந்ததும் ஆய்வகத்தில் செல்வினாவுடன். ஃபார்ம் ஃபைவ் பெண், இந்த ஆண்டு இறுதித் தேர்வு. சொன்னால் புரிந்துகொள்வாள், அச்சில் பார்த்தால் எழுத்தெல்லாம் குழம்பிவிடும். கேள்வியும் நான்கு விடைகளும் நான் வாசிக்க, அவள் ஒன்றைச் சொல்ல. உயிரியல் தாளில் ஏறக்குறைய எல்லாம் சரி! பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன் போல. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

11.6, புதன்.
பள்ளித் தலைவர் ரெக்டரிடம் பேசினேன். இறுதித் தேர்வில் அவளுக்குக் கேள்வி வாசிக்க ஓர் ஆள் கேட்டு விண்ணப்பிக்கலாமா? "வெள்ளிக்கிழமை நானே வாசித்துப் பார்க்கிறேன், மதாம். பிறகு சொல்கிறேன்."
வாசலில் அவள் அம்மா. தையல் ஆலையிலிருந்து நேரே. கவுனெல்லாம் நூல் துணுக்கு. ரெக்டர் சொன்னதைச் சொன்னேன். "எங்க ஆலையில ஆள் எடுக்கிறாங்க, மதாம். சட்டை தைக்க வாசிப்பு எதுக்கு? வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கிறேன். அவ்வளவுதான்."
அரிசி, மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

12.6, வியாழன்.
ஒத்திகைக்குக் கணக்கு ஆசிரியரை வாசிக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் தவறு. அவர் போனதும் ஏன் என்று அவளைக் கேட்டேன்.
"நீங்க வாசிச்சா, மிஸ், சரியான விடைல உங்க கண்ணு கொஞ்சம் நிக்கும். அவர் மூஞ்சி மரக்கட்டை."
"இத்தனை நாளும் அப்படித்தானா?"
"ஆயோ மிஸ்... நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."
அவள்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வகுப்புகளையும் இப்படித்தான் தாண்டியிருப்பாள், ஆசிரியர்களின் முகம் பார்த்து. உதவி என்று நினைத்து விடையையே கொடுத்திருக்கிறேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

13.6, வெள்ளி.
காற்று. மழை இல்லை. ரெக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியானால் எதற்கு இந்தச் சோதனை?" என்றார். கதவருகே நின்ற செல்வினா உள்ளே வந்தாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.
"வாசிங்க, மிசியே."
முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில், "இன்னொரு தடவை வாசிங்க." என்னிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அதன்பின் ஒவ்வொன்றையும் திரும்ப வாசிக்கச் சொன்னாள். ரெக்டருக்குத் தொண்டை கட்டியது. தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.
வெளியே அம்மா. "பாஸா?"
"விண்ணப்பிக்கிறோம், மதாம். தேர்வு நவம்பரில்."
"நவம்பரா?" மகளைப் பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நாளைக்கு ஆலையில நான் என்னன்னு சொல்றது?"
"அவ வரமாட்டான்னு சொல்லும்மா," என்றாள் செல்வினா.