நம்பர் ஒத்துப்போகாத எஞ்சின்

ஏப்ரல் 7, 2018

காரை டுவைட்டின் பட்டறைக்கு இழுத்துப் போனோம். எழுபதாம் வருஷத்து ஷெவெல். என் இடது முழங்காலில் உலோக மூட்டு வைத்த பிறகு கிளட்சை மிதிக்க முடியவில்லை. அதனால் ஆட்டோமேட்டிக் கியர், புது எஞ்சின், டிஸ்க் பிரேக். உள்ளே எல்லாம் இந்தக் காலத்துச் சரக்கு, வெளித்தோற்றம் மட்டும் பழசு. கழற்றிய எஞ்சின் பட்டறை மூலையில் ஸ்டாண்டில் பத்திரமாக இருக்கும். காரோடு பிறந்த எஞ்சினை எங்கள் பே சிட்டியில் மானமுள்ளவன் எவனும் விற்கமாட்டான்.

டுவைட் என் மனைவி நோரீனின் தம்பி. வேறு எங்கும் விடாதே என்று அவனேதான் வற்புறுத்தி வாங்கிக்கொண்டான். ஏன் அத்தனை அவசரம்?

ஏப்ரல் 19

எஞ்சினை இறக்கியாயிற்றாம். பார்க்க வரட்டுமா என்றேன். "முட்டிய வச்சுக்கிட்டு எதுக்கு மச்சான் அலையிற? போட்டோ அனுப்புறேன்" என்றான்.

போட்டோ வரவில்லை.

ஏப்ரல் 28

சொல்லாமல் போய் நின்றேன். எஞ்சின் மேல் தார்ப்பாய், அதைச் சுற்றிக் கயிறு, மூன்று முடிச்சு. எஞ்சினை இப்படிக் கட்டிவைத்து நான் பார்த்ததே இல்லை. அவிழ்க்கக் குனிந்தேன். காபி குடிக்கலாம் வா என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். காது மடல் சிவந்திருந்தது. வாசலில் புதுப் படகு ஒன்று. அது எங்கிருந்து வந்தது?

மே 3

நோரீன் குளியலறைக்குள் போய் போன் பேசுகிறாள். "அவன்கிட்ட நீ வாயே திறக்காத" என்றது காதில் விழுந்தது. யார் என்றேன். பல் டாக்டராம்.

மே 12

டுவைட் மதியச் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். முடிச்சுகளை அறுத்தேன். எஞ்சின் முகப்பில் காரின் நம்பரையே பொறித்திருக்கும் இடத்தை எண்பத்து நாலில், கார் வாங்கிய அன்று பார்த்ததோடு சரி. அதன் பிறகு யாரையும் துடைக்க விட்டதில்லை. பழைய பெயிண்டும் பழைய அழுக்கும் அப்படியே இருந்தால்தான் மதிப்பு. இன்று துடைத்தேன்.

காரின் நம்பர் வேறு, எஞ்சினின் நம்பர் வேறு.

திருட்டுப் பய! சொந்த மச்சானுக்கே கன்னம் வச்சிருக்கான். முப்பத்து நாலு வருஷம், ஒரு கார் கண்காட்சி விடாமல், 'பிறந்த எஞ்சின்' என்று பலகை மாட்டி நின்றவன் நான்.

அழுக்கு மட்டும் கல் மாதிரி இறுகியிருந்தது. அதையும் அவனே பூசியிருப்பான். அவனுக்குத் தெரியாத வித்தையா?

மே 28

விடுமுறை. கொல்லையில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என் எஞ்சின எவனுக்குடா வித்த? அந்தக் காசுலதான படகு?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, நோரீனைப் பார்த்தான். "நான் எதையும் விக்கல. அதுக்கு மேல கேக்காத."

"அப்ப போலீஸ் கேக்கட்டும்."

தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மே 29

போலீசுக்குப் போகச் சட்டை மாட்டினேன். நோரீன் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் இல்ல ரூடி. நான்."

தொண்ணூற்றொன்றில் நான் வளைகுடாப் போரில் இருந்தேன். வாரம் ஒரு தடவை காரை ஓட்டி வை என்று எழுதியது நான்தான். இவள் பந்தயத் திடலுக்கே ஓட்டிப்போயிருக்கிறாள்!

"டிவியில எந்நேரமும் குண்டு விழுது. வீட்டுல இருக்கவே முடியல. அதுல ஏறி மிதிச்சாத்தான் மனசு கொஞ்சம் அடங்குச்சு. மூணு வாரம் ஜெயிச்சேன். நாலாவது வாரம் எஞ்சின் வெடிச்சுடுச்சு."

டுவைட் பழைய இரும்புக் கடை எல்லாம் அலைந்து, அதே வருஷத்து எஞ்சின் ஒன்றைப் பிடித்து, நான் வருவதற்குள் பொருத்திவிட்டான். நம்பரை நான் துடைக்கமாட்டேன் என்பதுதான் அவர்கள் தைரியம். நேற்று அத்தனை பேர் முன்னாலும் திருடன் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனானே, அக்காவுக்காக.

"அப்பவே ஏன் சொல்லல?" என்றேன்.

"ஏழு மாசம் கழிச்சு வந்தே. மொதல்ல போய்க் காரத்தான கட்டிப்பிடிச்ச?"

நிஜம்தானே. மாட்டிய சட்டையைக் கழற்றினேன்.

மே 30

பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டுவைட் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. "படகு மாமனார் குடுத்தது" என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 16

வேலை நடக்கிறது. டுவைட்டோடு பேச்சு இல்லை.

ஜூலை 21

பந்தயத் திடல். வேலியோரம் நான், நாலு ஆள் தள்ளி டுவைட். பச்சை விளக்கு எரிந்ததும், வேலை முடிந்த ஷெவெலில் நோரீன் சீறிக்கொண்டு போனாள். ஐம்பத்தெட்டு வயது! தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடித்துத் திரும்பினால் டுவைட் என் பக்கத்தில் நிற்கிறான், அவனுக்கும் குரல் கட்டிப்போயிருந்தது.

"இனிமே அது உன் கார் இல்ல மச்சான்."

"தெரியும்டா."

திரும்பும்போது நான் ஓட்டட்டுமா என்று நோரீனிடம் கேட்டேன். முடியாது என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.