மேனேஜர் பிடித்த விரால்

ஞாயிறு, ஆகஸ்ட் 1981

எங்க தோல் கம்பெனி தூண்டில் கிளப் இன்னிக்கு ஏரிக்குப் போச்சு. மேனேஜர் சாப் இங்கிலாந்து போய் வந்ததிலேர்ந்து ஒரே சட்டம்: புழு, கறி எதுவும் கூடாது, இறகுல கட்டின பொய் ஈயைத்தான் தூண்டில்ல மாட்டணும். நாள் முழுக்க வெயில்ல காஞ்சோம். ஒருத்தருக்கும் பொடி மீன்கூட சிக்கலை. மத்தியானம் பிரியாணி பொட்டலத்தோட தனியா மறுகரைக்குப் போன சாப் மட்டும் பெரிய விராலோட வந்தார். போட்டிக் கப்பும் அவருக்கே.

"பொறுமை வேணும்யா"ன்னு சொல்லி மீனை என்கிட்ட குடுத்துட்டார்.

வீட்ல என் சம்சாரம் மீன் வயித்தைக் கீறினா. "இன்னாங்க இது? உள்ள வெந்த கறித்துண்டு, லவங்கத்தோட!"

என் பிரமோஷன் சாப் கையில இருக்கு. நாளைக்கு மீன் எப்படின்னு கேப்பார். கறி பதமா வெந்திருந்துச்சு சாப்னு வாயில வந்துடப் போவுது.